கீழ்க் கிணற்றின் சம்மதம்

வெயில் ஏறத் தொடங்கியும் வேலி நகரவில்லை. கோகிலவாணியின் மாடுகள் நேற்று மேய்ந்து முடித்த துண்டிலேயே நின்று, பக்கத்துத் துண்டின் கொழுக்கட்டைப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தன. இடையில் கம்பியோ கல்லோ கிடையாது. எல்லையை நெருங்கும் மாட்டின் கழுத்துப்பட்டை சன்னமாகக் கூவும். மீறினால் சுருக்கென்று ஓர் அதிர்வு தரும். காங்கயம் பக்கத்தில் இதற்கு ஒலிவேலி என்று பெயர்.

தினமும் காலையில் ஒலிவேலி ஒரு துண்டு முன்னே நகரும். மேய்ந்த இடம் ஓய்வெடுக்கும். புல் மறுபடி தழைத்து வேர்விடும். சாணத்தை வண்டுகள் மண்ணுக்குள் இழுத்துப் போகும். அவை துளைத்த வழியில் மழை இறங்கும். மாடுகளைக் கண்டபடி விட்ட காலத்தில் மண் ஓடுபோல் இறுகி, மழையெல்லாம் சாணத்தைக் கரைத்துக்கொண்டு குளத்தில் போய் விழுந்தது. மாடே வேண்டாமென்று விட்ட மேய்ச்சல் காடுகளிலோ புல் முற்றிக் காய்ந்து, முள் மண்டியது. இரண்டையும் பார்த்துச் சலித்த பிறகுதான் இந்த ஏற்பாடு வந்தது.

வேலியை நகர்த்தும் பொத்தான் கோகிலவாணியிடம் இல்லை. சரிவின் அடியில் குடியிருந்த முத்துரத்தினத்திடம் இருந்தது. மேலே மேய்ப்பவரின் வேலியைக் கீழே அந்தச் சரிவின் தண்ணீரைக் குடிப்பவர்தான் திறக்க வேண்டும் என்பது சட்டம். அவன் காலையில் தன் கிணற்று நீரில் ஒரு தம்ளர் குடித்துவிட்டுப் பொத்தானை அமுக்குவான். குடித்த பிறகு அமுக்குவதுதான் சட்டப்படி சம்மதம். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் தாமதித்ததில்லை.

அவள் அவனை அழைத்தாள்.

"ஏனப்புனு, இன்னும் தூக்கமா? காரிப் பசு இங்க என்னையவே மொறைச்சுட்டு நிக்கறா."

"தூங்கலீங்க்கா. நீர்நாடி சிவப்புக்கு வந்துருச்சு."

நீர்நாடி கிணற்றுக்குள் தொங்கும் அளவி. அது சிவப்பு காட்டினால் நீரில் நைட்ரேட் எல்லை மீறிவிட்டது என்று பொருள். அதற்கு ருசியும் இல்லை, வாசமும் இல்லை. பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சரியாகச் சுமக்காது. உதடு நீலம் பாயும். முத்துரத்தினத்தின் மகள் இன்னும் குப்புற விழவில்லை. தாய்ப்பால் போதாமல் புட்டிப்பால் குடிக்கிறவள்.

"காய்ச்சித்தானே குடுக்கறே?"

"காய்ச்சுனா தண்ணிதான் சுண்டும், அது அப்படியே தங்கிரும். டாக்டரம்மா சொன்னாங்க. நான் மேல வர்றேன்."

அவன் சம்மதம் மறுத்தால் மந்தை இந்தக் காட்டை விட்டு வெளியேற வேண்டும். வேறு காடு அவளுக்கு இல்லை. மாடுகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

அவன் வந்ததும் அவள் கழுத்துப்பட்டைகளின் தடப்படத்தைத் திரையில் விரித்தாள். மாடுகள் நின்ற இடமெல்லாம் வெளிர் பச்சையாகச் சமமாகப் பரவியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் மை கொட்டியதுபோல் ஒரு கறுப்புப் பொட்டு. காட்டோரக் கிளுவை முள்வேலியை ஒட்டிய பெரிய வெள்வேல மரம்.

அந்தப் பொட்டு ஏன் வந்தது என்று கோகிலவாணிக்குத் தெரியும். கழுத்துப்பட்டையில் உச்சி விடுப்பு என்று ஒரு வசதி உண்டு. நோய்ப்பட்ட மாடு நிழலுக்குப் போக எல்லையைத் தளர்த்துவது அது. இந்தக் கோடையில் வெயில் தாங்காமல் மாடுகள் நாக்கைத் தொங்கவிட்டதைப் பார்த்து, தினமும் மத்தியானம் மொத்த மந்தைக்கும் அதைக் கொடுத்திருந்தாள். அதை அவனிடம் ஒப்புக்கொண்டாள்.

"உங்க மாடுகளுக்கு ஏசி ரூம் கேக்குதாக்கும்?" என்றான் அவன். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

மரத்தடிக்கு நடந்தார்கள். வழியில் அவன் தன் புட்டித் தண்ணீரைக் கொஞ்சம் புல்லடியில் ஊற்றினான். மண் உடனே உறிஞ்சிக்கொண்டது. மரத்தடியில் ஊற்றியபோது தண்ணீர் தேங்கி நின்றது. பிறகு மிதிபட்டு வழுவழுத்த தரைமேல் நெளிந்து, வேருக்குப் பக்கத்துப் பாறை வெடிப்பில் இறங்கி மறைந்தது.

"என் கெணத்துல ஊத்து வர்ற வெடிப்பும் இதே தெசைதானுங்க்கா."

அவளுக்கு விளங்கிவிட்டது. மாட்டு மூத்திரம் காடு முழுக்கச் சிதறி விழுந்தால் அது புல்லுக்கு உரம். ஒரே இடத்தில் விழுந்தால் அதை உறிஞ்ச அங்கே புல்லே இருக்காது. மண்ணின் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். அடுத்த மழை அதைக் கீழே கொண்டுபோகும். கோடை மழை போன வாரம்தான் பெய்தது.

"இன்னைக்கே உச்சி விடுப்ப நிறுத்திர்றேன். சக்கரம் வெச்ச பந்தல் போட்டு, தெனமும் நிழல அதுகளோட நகத்தறேன். மாடுகள மட்டும் பிரிச்சராத, கண்ணு."

"நீங்க நிறுத்துனா என் கெணறு நாளைக்கே தெளிஞ்சிருமா?"

தெளியாது. மேலே மண் ஒரு பருவத்தில் ஆறிவிடும். ஆனால் பாறைக்குள் இறங்கியது மெல்லக் கசிந்துதான் வரும். அவன் மகள் பள்ளிக்கூடம் போகும் வயதிலும் நீர்நாடி சிவப்பாகவே இருக்கலாம். நைட்ரேட்டை நீக்கும் வடிகருவி வைத்தால் ஒரு குடத்துக்கு இரண்டு குடம் வீணாகும். அந்தக் கிணற்றில் அவ்வளவு ஊற்று இல்லை.

"வேலிய மூடுனாலும் என் தண்ணிக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல," என்றான் அவன் கடைசியில். "புல்லுதான் முத்திப்போகும். ஆனா குடிக்காத தண்ணிக்கு எப்படீங்க நான் சம்மதஞ் சொல்றது?"

அன்று மாடுகள் வைக்கோல் தின்றன.

மறுநாள் கோகிலவாணி தன் வீட்டு மழைத்தொட்டியிலிருந்து ஒரு கேனை நிரப்பித் தோளில் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கினாள். அவள் வைத்திருந்த ஒரே நல்ல தண்ணீர் அது. முத்துரத்தினம் அதில் ஒரு தம்ளர் குடித்துவிட்டு, மீதியைப் பிள்ளைக்கு அடுப்பில் வைத்தான். பிறகு பொத்தானை அமுக்கினான். அவளும் அவன் கிணற்றிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு குடித்தாள். எந்தச் சட்டமும் அவளை அப்படிக் குடிக்கச் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் காலையில் மாடுகள் அடுத்த துண்டின் புல்லைப் பார்த்து நிற்பதில்லை. சரிவில் இறங்கும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்து நிற்கின்றன. கேன் கீழே போய்ச் சேர்ந்தால்தான் புல் என்பதை, கழுத்துப்பட்டையின் கூவலைக் கற்றதுபோலவே அவை கற்றுக்கொண்டுவிட்டன. கோகிலவாணி இறங்கத் தாமதித்தால் காரி கத்துகிறாள்.