பதினேழாம் எண் டோக்கன்

கடலோரப் பறவைகள் சரணாலயத்தின் உயரமான இரும்புக் கதவருகே காவலாளி ஆளுக்கொரு பித்தளை டோக்கன் கொடுத்தார். அவளுக்குப் பதினாறு, கணவருக்குப் பதினேழு.

"அஞ்சு மணிக்குக் கடல் தண்ணி உள்ள ஏறிடும். வந்ததும் இந்தப் பலகையில மாட்டிடுங்க. எல்லா ஆணியும் நிறைஞ்சாத்தான் பூட்டுவேன்."

"இவருக்கேவா பாடம்? கல்யாணத்துக்கு முன்னாடி இங்க பூட்டிட்டிருந்தவரே இவர்தான்" என்று சிரித்தவள், கணவரின் டோக்கனை எட்டிப் பார்த்தாள். "இந்த ஏழுக்கு பெல்ட் இல்லையேங்க!"

மளிகைச் சீட்டில்கூட ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு போடுவது அவர் பழக்கம்.

அவர் சிரிக்கவில்லை.

உள்ளே இருந்த இடிந்த கோட்டை முழுக்கக் கொக்குகள். கடைசியில் இருந்த சிறையறைப் பக்கம் மட்டும் ஒன்றுகூட இல்லை. அங்கே ஈரத் தலைமுடியின் வாடை அடித்தது. சுவருக்குள் எங்கோ ஆணியால் கீறுகிற சத்தம்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"பன்னெண்டு வருஷமாச்சு. அன்னைக்குப் பதினேழு திரும்பி வரல. எனக்குக் கடைசி பஸ் போயிடும். ஆணி காலியா இருந்தா மேலதிகாரி கேப்பாரேன்னு, தகரத்துல ஒண்ணு வெட்டி, நம்பரைக் கீறி மாட்டிட்டுப் பூட்டிட்டேன்."

"உள்ள யார் இருந்தா?"

"ஒரு பொண்ணு. கதவைத் தட்டினது... கேட்டுச்சு."

அவள் கையை உதறிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"கொஞ்சம் நில்லும்மா!"

பின்னால் அவருடைய ஷூ சத்தம்.

அதோடு சேர்ந்து, ஈரமான வெறுங்கால்களின் சத்தம்.

கோபத்தில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்து பதினாறை மாட்டினாள். உடனே காவலாளி கதவை இழுத்துப் பூட்டினார்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க? அவர் பின்னாலயே வர்றார்!"

"எல்லாரும் வந்தாச்சும்மா. பலகையப் பாருங்க."

பதினேழாம் ஆணியில் ஒரு தகரத் துண்டு. அதிலிருந்து கடல் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு.

உள்ளேயிருந்து கதவு தடதடத்தது. "திறம்மா... தண்ணி வருது!"

காவலாளி எவ்வளவு முறுக்கியும் சாவி திரும்பவில்லை. அவள் அழுதாள், கத்தினாள், கதவில் மோதினாள்.

தட்டுவது நின்றது.

தண்ணீர் வடிந்த பிறகு பூட்டு தானாகவே திறந்துகொண்டது. உள்ளே யாரும் இல்லை. கதவின் உட்புறம் முழுக்கப் புதிய கீறல்கள். பதினேழு, பதினேழு, பதினேழு. எல்லா ஏழுக்கும் பெல்ட் இருந்தது.

கடைசி ஏழுக்கு மட்டும் இல்லை.

அவள் கண்ணெதிரே, ஆணி கீறும் சத்தத்தோடு, அதன் இடுப்பிலும் நிதானமாக ஒரு கோடு விழுந்தது.