ஆள் இல்லாத இடத்துக்கு ஒரு பாஸ்

சண்முகத்தாய் அன்று காலை தின்ற தோசை, நாகர்கோவிலில் இருக்கிற யாரோ ஒரு மாஸ்டருடைய தோசை. ஊற்றியது என்னவோ கேன்டீன் சுப்புராஜ்தான். அவன் போன மாதம் வரைக்கும் மைதானத்துக்கு வாட்ச்மேனாக இருந்தவன். ஒன்பது நாள் கையில் உறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான், மாஸ்டரின் கை அவன் கைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. மாவை வட்டமாக இழுத்து முடிக்கும்போது ஓரத்தில் ஒரு சுழி விடுகிறான் பாருங்கள், அந்தச் சுழி கோவில்பட்டியில் இப்போது பதினாறு ஓட்டலில் இருக்கிறது.

தசையேடு என்று அதற்குப் பெயர். ஒருவர் உடம்பில் ஊறிப்போன பழக்கத்தை அப்படியே பதிந்து, ஓர் உறை வழியாக இன்னொருவர் கைகாலில் ஏற்றிவிடும். அறிவு ஏறாது, வாய்ப்பேச்சு ஏறாது, தசைக்குத் தெரிந்தது மட்டும்தான் ஏறும். அது போதாதா? தையல், முடிவெட்டு, ஊசி போடுவது, ஒட்டுமொத்த ஊரும் யாரோ ஒருவருடைய கையால்தான் வாழ்ந்துகொண்டிருந்தது. ஊசி வலிப்பதே இல்லை. யாருக்கும் குறையில்லை.

ஹாக்கிக்கும் அது வந்து சேர்ந்தது. லீக் நடத்துகிறவர்கள் இரண்டே விதி போட்டார்கள். ஓய்வு பெற்றவரின் ஏட்டைத்தான் ஏற்றலாம், அவரும் அந்த அணியின் நிர்வாகத்தில் வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும். இது ஒன்று. ஒரு போட்டிக்கு ஓர் அணி ஒரே ஒருவரின் ஏட்டைத்தான் பயன்படுத்தலாம் என்பது மற்றொன்று. அவ்வளவுதான், நாடு முழுக்கப் பழைய நட்சத்திரங்களைத் தேடிப் பிடித்து சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதித்துக்கொண்டிருந்த கோல்கீப்பர்களும் கல்லூரியில் விசில் ஊதிக்கொண்டிருந்த ஃபார்வர்டுகளும் ஒரே மாதத்தில் இயக்குநர் ஆனார்கள்.

கரிசல் மகளிர் அணிக்கு சண்முகத்தாய் இயக்குநரானது அப்படித்தான். பதினாறு வயதில் ஸ்டிக்கைப் பிடித்தவள், முப்பத்து நான்கு வரை ஆடியவள். நூற்றுப்பதினோரு கோல். இப்போது நாற்பத்தாறு. தன் ஏட்டைப் பதினொரு பேரில் ஏழு பேருக்கு ஏற்றியிருந்தாள். ஏன் ஏழு என்று யாரும் கேட்கவில்லை. ஒரு சண்முகத்தாய்க்கே அத்தனை கோல் என்றால் ஏழு சண்முகத்தாய்க்கு எத்தனை என்று அவளே மனதில் பெருக்கிப் பார்த்திருந்தாள்.

அந்த சீசனில் அணி போட்ட கோல் மொத்தம் இரண்டு.

"ஏட்டி தாயி, என்ன கூத்து இது?"

தோசைத் தட்டை வைத்துவிட்டு அவள் திரும்பினாள். வாசலில் ஜெபக்கனி, தோள் பையோடு. ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் அதிகாரியாக அன்றுதான் முதல் நாள். பதினான்கு வருடம் இருவரும் ஒரே அணியில் ஆடியவர்கள். சண்முகத்தாய் முன்னால், ஜெபக்கனி நடுவில், சென்டர் ஹாஃப். பந்தைப் பிடுங்கி முன்னால் அனுப்புவது அவள் வேலை.

"வா கனி. சாப்பிடுதியா?"

"அதெல்லாம் ஆச்சு. நீ சன்னல் வழியா கீழ பாரு."

கீழே நீல நிறச் செயற்கைப் புல்தரையில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஏழு பெண்களும் ஒரே மாதிரி இடது தோளைச் சரித்து, ஒரே மாதிரி பாதத்தை உரசி, கோல் வட்டத்தின் இடது ஓரத்தில் ஒரே இடத்துக்கு ஓடினார்கள். நான்கு பேர் முட்டிக்கொண்டார்கள். பந்து நடு மைதானத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது.

"ஏழு பேரும் நீயாவே நிக்காளுவ. அப்ப பந்த யாரு குடுப்பா? உங்க அம்மையா?"

சண்முகத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியாத நிலைமை. "கிளப் தலைவர் நேத்து போன் போட்டாரு கனி. கடைசி மேட்ச்ல ஜெயிக்கணுமாம். இல்லன்னா ரெண்டாம் பிரிவுக்கு இறங்கிருவோம். இறங்கினா அணியவே கலைச்சிருவேன்னு சொல்லுதாரு."

"எத்தன நாள் இருக்கு?"

"பதினாலு."

ஜெபக்கனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. ஒரு போட்டிக்கு ஒரே ஏடு. ஜெபக்கனியின் ஏட்டை ஏற்ற வேண்டுமென்றால், அது சண்முகத்தாயினுடையதை அழித்துக்கொண்டுதான் ஏறும்.

"ஒரு நாள் டைம் குடு," என்றாள் சண்முகத்தாய்.

அந்த ஒரு நாளில் அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. பார்வையாளர் காலரியில் உட்கார்ந்து, தான் ஏழு பேராக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில்கூட அப்படிப் பார்த்ததில்லை. எவ்வளவு அழகாக ஓடியிருக்கிறோம் என்று இருந்தது. மாலையில் பெண்களெல்லாம் ஸ்டிக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி போனார்கள். அணி கலைந்தால் இதுகள் எந்த ஊர் மைதானத்தில் போய் நிற்கும் என்று நினைத்தவள், மறுநாள் காலையில் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஜெபக்கனியின் உடம்பைப் பதிய மூன்று நாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டித்தான் ஓடினாள். அது பரவாயில்லை, இன்றைக்கு உடம்பு எப்படி ஓடுகிறது என்பதைத் தசையேடு பார்ப்பதில்லை, எதை மறக்காமல் வைத்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கும். பிறகு ஒன்பது நாள் ஏற்றினார்கள்.

பன்னிரண்டாம் நாள் பயிற்சியைப் பார்த்துக் காலரியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி ஆளிடமிருந்து ஆளுக்குப் போனது. கேப்டன் மதிவதனி, இருபத்து நான்கு வயது, நிமிர்ந்து பார்க்காமலே பந்தைத் தள்ளினாள். மூன்று பேரைத் தாண்டி, வட்டத்தின் இடது ஓரத்துக்கு, உருண்டு போய் வெளியே விழுந்தது.

அங்கே யாருமில்லை.

அடுத்ததும் அங்கேயே போனது. அதற்கடுத்ததும். யார் அடித்தாலும், எங்கிருந்து அடித்தாலும், கடைசியில் பந்து அந்த ஆளில்லாத இடத்துக்கே போனது.

"என்ன மேடம் இது, கை கேக்க மாட்டேங்குது," என்றாள் மதிவதனி. "வலது பக்கம் ஆள் நிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியுது. கை அங்கதான் போகுது."

ஜெபக்கனி சண்முகத்தாயைப் பார்த்தாள். "நீ நிக்கிற இடம்லா ஏட்டி அது. பதினாலு வருசம் அங்கதான குடுத்தேன். நீ ரிட்டையர் ஆனது இந்த உடம்புக்கு யாரும் சொல்லல போல."

சரி, அந்த இடத்தில் ஒரு ஆளை நிறுத்தினால் போயிற்று என்று ஏடு ஏற்றாத ஒரு பெண்ணை நிறுத்திப் பார்த்தார்கள். பந்து வரும்போதெல்லாம் அவள் அரை எட்டு, பாதிக் காலடித் தூரம், முன்னால் போயிருந்தாள். வேறொருத்தியும் அப்படியே. எல்லோரும் சரியான நேரத்துக்குப் போனார்கள், பந்துதான் தாமதமாக வந்தது.

"கனி, உன் பாஸ் லேட்டா?"

"என் பாஸ் லேட் இல்ல. நீ லேட்டு. ஓடுறதுக்கு முன்னாடி கோல்கீப்பர் கால ஒரு தடவ பாப்பேல்லா? அதுல அரை எட்டு போயிரும். பதினேழு வயசுலயே கவனிச்சிட்டேன்."

"சொல்லவே இல்லையேட்டி."

"எதுக்குச் சொல்லணும்? நீ கோல் போட்டுக்கிட்டுத்தான இருந்த."

நூற்றுப்பதினோரு கோலும் சரியான நேரத்துக்குப் போய் நின்று அடித்தவை என்றுதான் சண்முகத்தாய் இதுவரை நினைத்திருந்தாள். பேட்டியிலெல்லாம் அப்படித்தான் சொல்லியும் இருந்தாள்.

"விதியில வயசு வரம்பு உண்டா மதி?" என்று கேட்டாள் ஜெபக்கனி.

"இல்ல மேடம்."

"அப்ப பேர எழுது. சண்முகத்தாய், பதினாறாவது ஆள், மாற்று ஆட்டக்காரர்."

"இயக்குநரா இருந்துக்கிட்டு நான் எப்படி ஆடுறது?"

"தேர்வு அதிகாரி நான்தான. உன்னயத் தேர்வு பண்ணியாச்சு. கையெழுத்து மட்டும் இயக்குநர் போடணும். போடு."

போட்டாள். தான் ஆடுவதற்குத் தானே ஒப்பமிட்ட முதல் நிர்வாகி அநேகமாக அவளாகத்தான் இருப்பாள்.

கடைசிப் போட்டி. எதிரணியில் கோல்கீப்பர் தவிர மற்ற பத்துப் பேரும் அவர்களுடைய இயக்குநரைப் போலவே ஆடினார்கள். அவள் பழைய காலத்துத் தடுப்பாட்டக்காரி, ஒருவரையும் உள்ளே விடாதவள். மூன்று கால் பகுதி முடிந்தும் கோல் விழவில்லை. ஆறு நிமிடம் இருக்கும்போது ஜெபக்கனி கையைக் காட்டினாள். சண்முகத்தாய் உள்ளே போனாள். காலரியில் யாரோ, "அக்கா, பாத்து, இடுப்பு புடிச்சுக்கப் போவுது," என்றார்கள். அவள் கையசைத்தாள்.

முதல் பந்து வந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதில் விட்டுவிட்டாள். இரண்டாவது, ஸ்டிக்கில் பட்டுத் தெறித்தது. மூன்றாவது பந்தை மதிவதனி அடிப்பது தெரிந்தது. அவளறியாமலே கண் கோல்கீப்பர் காலுக்குப் போய்த் திரும்பியது. அரை எட்டு போயிற்று. ஓடினாள். பந்து வந்து ஸ்டிக்கில் உட்கார்ந்தது, யாரோ கையில் எடுத்து வைத்த மாதிரி. தட்டினாள்.

ஒன்று பூச்சியம். அணி தப்பியது. அன்று மைதானத்தில் கடலைமிட்டாய் தீர்ந்துபோய்ப் பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பினார்கள். தலைவர் சண்முகத்தாய்க்கு ஓர் ஆள் உயர மாலை வாங்கி வந்தார். அவள் முழங்காலில் ஐஸ் கட்டியோடு உட்கார்ந்தபடி அதை வாங்கிக் கனியின் கழுத்தில் போட்டாள்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். மதிவதனிக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து ஆனது.

ஆடுகிறவர்கள் இருபத்தைந்தில், உடம்பு உச்சத்தில் இருக்கும்போது, தங்கள் ஏட்டைப் பதிந்து பூட்டி வைப்பது வழக்கமாகியிருந்தது. ஓய்வு பெற்றபின் அதைத் திறக்கலாம். அந்த ஏடு இருந்தால்தான் நாளைக்கு ஏதாவது ஓர் அணி நாற்காலி போடும். மதிவதனி புதுச் சட்டை போட்டுக்கொண்டு பதிவு அறைக்குப் போனாள். மூன்று நாள் ஓடினாள், அடித்தாள். நான்காம் நாள் திரையில் வந்த வரியைப் படம் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு வந்தாள்.

'இந்த ஏடு ஏற்கெனவே பதிவில் உள்ளது. உரிமையாளர்: ஜெபக்கனி.'

"என்னுதுன்னு ஒண்ணுமே இல்லையாம் மேடம்," என்றாள். அழவில்லை. யாரோ வேறொருத்தியைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள். "எட்டு வயசுலேருந்து ஆடுதேன். முதல்ல இருந்த கிளப்ல வேற யாரோட ஏடோ. அப்புறம் உங்களோடது. இப்ப கனி மேடத்தோடது. நாளைக்கு இந்த நாற்காலிக்கு யாரக் கூப்பிடுவாங்க?"

ஜெபக்கனி திரையின் படத்தை வாங்கிப் பார்த்தாள். "இவ ரிட்டையர் ஆன பொறவும் உன் இடத்துக்குத்தான் பந்து போகும் போலயே தாயி. நீ செத்தாலும் போகும்."

"வாயக் கழுவு," என்றாள் சண்முகத்தாய். படத்தை வாங்கி மதிவதனியிடம் திருப்பிக் கொடுத்தபடி, "வேற ஏடு ஏத்தாம, உறையில்லாம விட்டா எத்தன நாள்ல தானா உதிரும்?"

"மூணு மாசம்."

"அடுத்த சீசனுக்கு?"

"மூணு மாசம்தான்."

சண்முகத்தாய் தலைவருக்குப் போன் போட்டு, அடுத்த சீசனில் யாருக்கும் ஏடு கிடையாது என்று சொன்னாள். ஏடே இல்லாமல் எப்படி என்று அவர் கத்தியது ஜெபக்கனிக்கும் கேட்டது. "முதல் அஞ்சு மேட்ச் தோத்தா நான் நாற்காலிய விட்டு எந்திரிச்சிருதேன் அண்ணாச்சி," என்று சொல்லி வைத்துவிட்டாள். தட்டில் இருந்த தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மூன்று மாதம் பார்க்கச் சகிக்கவில்லை. பந்து காலில் இடித்தது, ஸ்டிக் தரையில் இடித்தது. பக்கத்து அணிக்காரர்கள் வந்து காலரியில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டு ரசித்தார்கள். மதிவதனி ஒரு நாளைக்கு நூறு பந்து அடித்தாள், நூறும் அந்த இடது ஓரத்துக்கே போனது. அப்புறம் தொண்ணூறு போனது. அப்புறம் எது எங்கே போகும் என்று அவளுக்கே தெரியவில்லை.

சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கையில், வழக்கம்போல வட்டத்தின் இடது ஓரத்தில் சண்முகத்தாய் நின்றாள். மதிவதனி பந்தை நிறுத்தினாள். குனிந்தவள் ஒரு தடவை நிமிர்ந்து, மைதானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். அடித்தாள். பந்து யாரும் நினைக்காத பக்கம், வலது மூலையைப் பார்த்து, கோணலாக, துள்ளித் துள்ளிப் போனது.

"இது யாரு பாஸுட்டி?" என்று காலரியிலிருந்து ஜெபக்கனி கேட்டாள்.

முப்பது வருடத்தில் முதல் தடவையாக சண்முகத்தாய் தன் இடத்தை விட்டுவிட்டு, பந்து எங்கே போகிறதென்று தேடி ஓடிக்கொண்டிருந்தாள்.