தடித்த இதயத்துக்கு முதலிடம்

நிலாக் குடியிருப்பில் மாதத்தின் முதல் நாள் யாரும் காப்பிக்கு அவசரப்பட மாட்டார்கள். எல்லோர் கண்ணும் இதயப்பலகையில் இருக்கும். முதியவர்களின் இதயச் சுவர் எத்தனை தடிமன் என்பது உணவுக்கூடத்தில் பெயர் வரிசையோடு ஒளிரும். நிலாவில் ஈர்ப்பு குறைவு. உழைப்பில்லாத இதயம் மெலிந்துபோகும். அதனால் எடைப்பட்டை கட்டிக்கொண்டு ஓடுவதும், தடித்த இதயத்தைப் பற்றிப் பீற்றிக்கொள்வதும் அங்கே வழக்கம்.

எழுபது தாண்டிய மங்கையர்க்கரசிதான் வெகுகாலமாக முதலிடம். அன்று அவளுக்கு மேலே பக்கத்து அறை எஸ்தரின் பெயர் மின்னியது. முழங்கால் வலி என்று ஓட்டத்தையே விட்டுவிட்ட எஸ்தர்! மங்கையர்க்கரசிக்கு வயிறு எரிந்தது.

“எஸ்தரக்கா, அப்படி என்னதான் சாப்பிடுறீங்க? எங்கிட்ட மட்டும் சொல்லுங்களேன்.”

“நான் என்னத்தச் சாப்பிடுறேன்? முட்டிவலி மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சோத்துக்கு ஊறுகா. அவ்வளவுதான்.”

மாத்திரைதான் ரகசியம் என்று மங்கையர்க்கரசி முடிவு கட்டினாள். இல்லாத முட்டிவலியைச் சொல்லி மருந்து இயந்திரத்திடம் வாங்கி, வருடம் முழுக்க விழுங்கினாள். ஊறுகாயையும் விடவில்லை. பலகையில் அவள் எண் ஏறியது. கால் வீங்கியபோது சதை பிடிக்கிறது என்று மகிழ்ந்தாள். ஆனாலும் எஸ்தர் ஒருபடி மேலேயே இருந்தாள்.

ஒருநாள் எஸ்தர் மூச்சுவிட முடியாமல் உணவுக்கூடத்தில் சாய்ந்தாள். ஊரே அவளைச் சூழ்ந்து நின்றது. அதைப் பார்க்கவும் மங்கையர்க்கரசிக்குப் பொறுக்கவில்லை.

பிறகு எல்லோரையும் சோதித்த மருத்துவ ரோபோ மங்கையர்க்கரசியைத் தனியே அழைத்தது.

“எஸ்தருக்குச் சிறுநீரகம் பல வருடமாகப் பழுது. வலி மாத்திரை அதை மோசமாக்கிவிட்டது. உப்பும் நீரும் உடம்பில் தேங்கி ரத்த அழுத்தம் ஏறும். அதை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடிக்கும், விறைக்கும். அது பலமில்லை, நோய்.”

சிறுநீரகச் சோதனை அங்கே இலவசம்தான். யாரும் போவதில்லை. அதற்குத்தான் பலகை கிடையாதே!

“உங்களுக்கும் அதே கோளாறு தொடங்கிவிட்டது. மாத்திரையை இன்றே நிறுத்தினால் பிழைத்துக்கொள்வீர்கள்.”

மங்கையர்க்கரசிக்கு உயிர்ப்பயம் உண்மையாகவே வந்துவிட்டது. கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“வர்ற ஒண்ணாந்தேதி பலகையில எஸ்தரக்காவ முந்திருவேனா?”

“மாத்திரையை நிறுத்தினால் முடியாது.”

மங்கையர்க்கரசி யோசிக்கத் தொடங்கினாள்.