ஓங்கிய கை

திரையில் தம்பிக்காரன் கத்தியை ஓங்கிய இடத்தில் ஷிஃபானா படத்தை நிறுத்தினாள். அதே நேரம் கீழே குசினியில் புருஷன் முனீபின் சிரிப்பு பாதியில் அறுந்தது.

அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஓர்ஸ் ஹில்லில் மழை இருட்டிக்கொண்டு வந்த மாலை. துறைமுகப் பக்கமிருந்து டீசலும் ஈரக் கயிறும் கலந்த வாடை ஜன்னல் வழியே ஏறிக்கொண்டிருந்தது. கீழே மைமூனா மதினி வந்திருந்தாள். புருஷனின் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவள். அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் வரவில்லை என்றால் ஊரில் யாரோ மௌத்து என்று அர்த்தம். வந்தால் திருவலையில் குந்திக்கொண்டு தேங்காயையும் துருவுவாள், அடுத்த வீட்டு விஷயத்தையும் துருவுவாள்.

முனீப் கட்டாரில் வெயிலில் வெந்து உழைத்ததெல்லாம் அந்த ராத்தாவின் சீதன வீடாக எழும்பி, மாடியும் டைல்ஸுமாக மினுங்குகிறது. தனக்கென்று அவன் கொண்டுவந்தது ஒரு முதுகுவலி. "ராத்தாக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யிற?" என்று சிரிப்பான். ஷிஃபானா சிரிப்பதில்லை. சண்டை பிடிக்கிற பெண்ணும் இல்லை. படம் கீறினாள்.

ஒரு குட்டி அனிமேஷன் படம். வீடு கட்டிக் கொடுத்த தம்பி, அந்த வீட்டுக் குசினியிலேயே ராத்தாவை வெட்டுகிறான். முதலில் பளிச்சென்ற வர்ணங்களில் செய்து பார்த்தாள். பிஸ்கட் விளம்பரம் மாதிரி வந்தது. பிறகு கரிக்குச்சிக்கு மாறினாள். ஒரே தாளில் கீறி, படம் பிடித்து, அழித்து, கொஞ்சம் தள்ளித் திரும்பக் கீறுவது. பயம் தானாக வந்து உட்கார்ந்தது.

வெட்டு எப்படி விழும் என்று பார்க்க முனீபையே கத்தியோடு நிற்க வைத்திருந்தாள்.

"கோழி அறுக்கவே எனக்கு ஏலாது. நீ ஆள வெட்டச் சொல்றாய்."

"கோபம் காணாது. உங்கட ராத்தாட டைல்ஸ நினைச்சுக்கோங்க."

அன்றைக்கு இருவரும் சிரித்தார்கள். முகத்தையும் அவனுடையதாகவே வைத்தாள். குனிந்த கழுத்து மதினியுடையது. அதை மட்டும் அவள் யாருக்கும் சொல்லவில்லை.

கீழே துருவும் சத்தம், கர், கர் என்று. பிறகு மைமூனாவின் குரல்.

"என்ன தம்பி, கத்தியோட நிக்கிறாய்? தேங்காய்தான் உடைச்சாச்சே."



ஷிஃபானா விசைப்பலகையில் வலது அம்பைத் தட்டினாள். படம் ஒரு ஃப்ரேம் முன்னால் நகர்ந்தது. தம்பிக்காரன் ஓர் எட்டு வைத்தான். குசினிச் சீமெந்தில் ஒரு காலடி விழுந்தது.

இடது அம்பு. கால் பின்னால் இழுபட்டது.

அவள் திரும்பத் தட்டிப் பார்த்தாள். வலது. காலடி. இடது. இழுபட்டது.

"விளையாடாத முனீப். முன்னுக்கு வாறாய், பின்னுக்குப் போறாய்."

ஓடிப்போய்க் கத்தியைப் பறிக்கலாம். ஆனால் அதற்குள் படம் தானாக ஓடிவிட்டால்? அந்தக் கையால் ஒரு கோழி செத்ததில்லை. கொலைகாரன் ஆக்கிவிட்டுப் போக முடியாது. முதலில் அவனைப் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இடது அம்பு. ஓங்கிய கை கொஞ்சம் தாழ்ந்தது. இடது. தோளளவு. இடது. இடுப்பளவு. ஒவ்வொரு தட்டுக்கும் கீழே ஒரு மூச்சு விடும் சத்தம். இடது. தம்பிக்காரன் வாசலில் நின்றான், கை தொங்க, வெறும் மனிதனாக. முதல் படம்.

"ஓம், அப்படி வை. லூசன்" என்றாள் மைமூனா. துருவல் திரும்பத் தொடங்கியது.

ஷிஃபானாவுக்குக் கண் நிறைந்தது. போதும். எழும்பியிருக்கலாம். ஆனாலும் நிச்சயமாக இருக்கட்டும் என்று விரல் இன்னொரு தடவை தட்டியது.

படம் லூப்பில் இருந்தது, சுற்றிச் சுற்றி ஓடும்படி.

முதலாவதற்கு முன்னால் இருப்பது கடைசிப் படம்.

திரையில் கத்தி கழுத்துக்குள் நின்றது.

கீழே ஒரு சத்தம். இளநீர் சீவுவதுபோல. துருவல் நின்றது.

அவள் எழும்பினாள். கதிரை சாய்ந்தது. துப்பட்டா விசைப்பலகையில் சிக்கியது. இழுத்தாள். ஏதோ ஒரு விசை அமுங்கியது. பார்க்கவில்லை. படிகளில் விழுந்து ஓடினாள்.

குசினி.

மைமூனா திருவலை மேல் கவிழ்ந்திருந்தாள். தேங்காய்ப்பூ சிவந்து ஊறியது. வாசலில் முனீப், கை தொங்க, வெறும் மனிதனாக நின்றான். கத்தியிலிருந்து சொட்டியது.

முகத்தில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை. கண்கள் மட்டும் அவளைப் பார்த்து அழுதன.

"ஷிஃபானா. நிப்பாட்டு."

இடுப்பளவு. தோளளவு.

மேலே படம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் பாய்ந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். கரிக்குச்சிபோல் உலர்ந்து, இறுகியிருந்தது. அவன் கால் ஓர் எட்டு முன்னால் வைத்தது.

அந்தக் கை அவளையும் சேர்த்து மேலே தூக்கியது.