உள்மடிப்பு

வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பார்க்கும் பிரிவு, ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் மாடிப்படிக்குப் பின்னால் இருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அந்த நடைபாதை மட்டும் நனைந்த சாக்கைப் போலக் குளிர்ந்து கிடக்கும். பினாயில் வாடை தூக்கலாக அடிக்கும். அதற்கு அடியில், எத்தனை கழுவினாலும் போகாத திரிந்த பால் வாடை.

தையல்காரி முதன்முதலாக அங்கே வந்தது ஒரு காலைப்பொழுதில். தோளில் மகள். ஒரு வயது தாண்டியும் கைக்குழந்தை போலவே இருந்தாள். பிறந்தபோதே சுண்டுவிரல் அளவுதான் என்று அப்பா வைத்த செல்லப்பெயர் சுண்டு. அதுவே நிலைத்துவிட்டது.

"முதல்ல பேரை மாத்துங்கம்மா. சுண்டுன்னு கூப்பிட்டா எப்படி வளரும்? குண்டுன்னு வைங்க" என்று வாசல் காவலாளி சிரித்தார்.

அவளும் சிரித்துவைத்தாள். சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருக்கும்.

சின்னப்பிள்ளைகளுக்கு உடுப்பு தைப்பது அவள் பிழைப்பு. "வளர்ற குழந்தை, கொஞ்சம் விட்டுத் தைங்க" என்று சொல்லாத தாய் கிடையாது. துணியை உள்ளே மடித்துத் தைத்து வைப்பாள். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்தால் உடுப்பும் கூடவே வளரும். மகளுக்கும் அப்படி ஒரு மஞ்சள் கவுன் தைத்திருந்தாள். ஊரார் பிள்ளைகளின் மடிப்புகளையெல்லாம் பிரித்துக் கொடுத்த கத்தரிக்கு, அந்த மஞ்சள் கவுனில் மட்டும் வேலை வரவேயில்லை.

நடைபாதை பெஞ்சில் தாய்மார்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி மருந்து வாங்கவோ ரிப்போர்ட் வாங்கவோ எழுந்து போனால், பக்கத்தில் இருப்பவள் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்வாள். பேர்கூடக் கேட்பதில்லை. இன்றைக்கு நான், நாளைக்கு நீ.

பக்கத்தில் இருந்தவள் திரும்பினாள். அவள் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மறு கையில், வார்டில் எல்லோருக்கும் கொடுக்கும் பச்சைத் துண்டால் சுற்றிய இன்னொரு பொதி.

"அக்கா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?"

"ரெட்டைப் பிள்ளையா? குடும்மா" என்று தையல்காரி இடது கையை நீட்டினாள். கைக்கு நல்ல கனம்.

கொடுக்கும்போது அந்தப் பெண் கண்களை இறுக மூடியிருந்தாள். பாவம், தூங்கி எத்தனை நாளாயிற்றோ என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள்.

"கீழே மட்டும் வெச்சிடாதீங்க."

காதோரம் கிசுகிசுத்துவிட்டு அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். திரும்பியே பார்க்கவில்லை.

டாக்டர் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். தையல்காரி குனிந்து பார்த்தாள்.

துண்டு மட்டும்தான் இருந்தது.

துண்டைத்தான் பிடிக்கச் சொன்னாள் போலிருக்கிறது, கனமாகப் பட்டது நம் பிரமை என்று அதை மடித்துப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். இடது கை மட்டும் வெகுநேரம் மரத்துக் கிடந்தது.

அதன்பிறகு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தே செருப்பு தேய்ந்தது. ரத்தம் எடுத்தார்கள். எலும்பைப் படம் பிடித்தார்கள். தைராய்டு, குடல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகத் துருவினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்.

"எல்லாம் நார்மல்."

"நார்மல்னா ஏன் சார் வளரல?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் டாக்டர். "வீட்ல சாப்பாடு ஊட்டுறீங்களா, இல்ல தூரத்துலேர்ந்து காட்டுறீங்களா?" பக்கத்திலிருந்த மாணவர்கள் சிரித்தார்கள். "தானா உங்க மடியில ஏறுதா?"

"இல்ல சார். வெச்ச இடத்துலயே கிடக்கும்."

"இந்த வயசுல ஏறணும்."

ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி வந்தது. ஒவ்வொரு தடவையும் 'இல்லை' என்று சொல்லும்போது அவள் தலை தானாகக் குனிந்தது.

சுண்டு சாப்பிடாத பிள்ளை அல்ல. கிண்ணம் வழித்துத் துடைத்த மாதிரி காலியாகும். ஆனால் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

"தின்னுறதெல்லாம் எங்கடி போகுது?" என்றான் புருஷன். லேத் பட்டறையில் இரும்பை மயிரிழை சுத்தமாகக் கடைகிறவன். கணக்கு இடிக்கிற எதுவும் அவனுக்குப் பிடிக்காது.

"ஆமா, என் வயித்துலதான் போகுது."

"உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலயே. நீயே ஈர்க்குச்சி மாதிரி ஆயிட்டே."

பகலில், மகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு அவள் மெஷினில் உட்காருவாள். சற்று நேரத்தில் மடி வெதுவெதுக்கும், யாரோ இப்போதுதான் இறங்கிப்போன நாற்காலி மாதிரி. திரிந்த பால் வாடை மூக்கில் ஏறும். மெஷின் கடகடப்புக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கும்.

சப்புக்கொட்டும் சத்தம்.

காலை நிறுத்துவாள். அதுவும் நின்றுவிடும்.

தொட்டிலிலிருந்து சுண்டு அவள் மடியையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்ளும்.

எடை பார்க்கும் நாள்தான் கொடுமை. பிள்ளையின் உடுப்பைக் கழற்றிப் பச்சைத் துண்டில் சுற்றுவார்கள். தனியாகக் கிடத்தினால் சுண்டு அலறி உதைத்து முள்ளை நிற்க விடாது. அதனால் தாய் முதலில் பிள்ளையோடு எடைமேடையில் ஏற வேண்டும். பிறகு நர்ஸ் பிள்ளையை வாங்கிக்கொள்ள, தாய் மட்டும் ஏற வேண்டும். அதிலிருந்து இதைக் கழித்தால் பிள்ளையின் எடை.

ஒவ்வொரு முறையும் பிள்ளையின் எடை இறங்கியது. தாயின் எடை ஏறியது.

"பிள்ளை தேயுது, நீங்க மட்டும் ஏறிக்கிட்டே போறீங்களே. என்னம்மா ரகசியம்?" என்று நர்ஸ் இடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இடுப்பில் அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்தாள். போன மாதம் பிடித்துத் தைத்த ரவிக்கையை மறுபடியும் பிடிக்க வேண்டியிருந்தது. நாடா பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

கடைசியாக எடை பார்த்த காலையில் புருஷனும் கூட வந்திருந்தான். சுண்டுவோடு மேடையில் ஏறினாள். முள் ஓரிடத்தில் நின்றது. நர்ஸ் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். தையல்காரி வெறுங்கையோடு நின்றாள்.

முள் அசையவில்லை.

நர்ஸ் மேடையைத் தட்டினாள். இறங்கி ஏறச் சொன்னாள். பிள்ளையோடும் பிள்ளை இல்லாமலும், முள் அதே இடத்தில்தான் நின்றது. கழித்தால் பூஜ்யம்.

டாக்டர் வந்தார். அலற அலற சுண்டுவைத் தனியாகக் கிடத்தி நான்கு பேர் பிடித்து எடை பார்த்தார்கள். குறைவுதான். ஆனால் பூஜ்யம் இல்லை.

"அப்போ மெஷின்ல கோளாறு இல்ல. பிள்ளையைக் குடுத்துட்டு ஏறும்போது அம்மா எதையோ மறைச்சு எடுத்துக்கறாங்க" என்றார். "சோதிச்சுப் பாருங்க."

திரைக்குப் பின்னால் நர்ஸ் அவளைத் தடவித் தேடினாள். இடுப்பு, முதுகு, உள்பாவாடை.

"ஒண்ணும் இல்ல சார். வெறும் எலும்புதான்."

தையல்காரி அசையாமல் நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கை நிறையப் பிள்ளை இருக்கும்போது அதற்கு இடமில்லை. கை காலியானதும் வந்து ஏறிக்கொள்கிறது. ஊட்டியதையெல்லாம் அது தின்று, சுண்டுவின் எடைக்கே வளர்ந்துவிட்டது.

அவளுடைய வெற்று இடது கை வலித்தது.

கழுத்தில் ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

திரைக்கு வெளியே டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். "எங்கேயாவது ஒளிச்சிருப்பாங்க. இந்த மாதிரி அம்மாக்களை நான் பார்த்திருக்கேன்." அவள் வெளியே வந்ததும், "நோயைக் கண்டுபிடிச்சாச்சும்மா" என்றார்.

எத்தனை மாதம் காத்திருந்த வார்த்தை அது. "என்ன சார் நோய்?"

"நீங்கதான். நாளைக்கு சொந்தத்துல வேற யாராவது வந்து குழந்தையைக் கூட்டிட்டுப் போகட்டும். உங்ககிட்ட இனிமே விட முடியாது."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரில் எதையோ படித்துக்கொண்டிருந்தான். பிறகு தங்கைக்குப் போன் பண்ணுவதற்காக வெளியே போனான்.

பச்சைத் துண்டோடு சுண்டுவை அவள் கையில் திணித்தார்கள். மஞ்சள் கவுனைத் தோளில் போட்டுக்கொண்டு, குளிருக்குப் போர்த்தியிருந்த சால்வையைப் பிடித்தபடி பெஞ்சுக்கு வந்தாள். தன்மேல் தொற்றிக்கொண்டிருப்பதை இன்றைக்குள் தொலைத்தாக வேண்டும். நாளைக்கு எடை பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும். சுண்டு தன்னிடமே இருப்பாள்.

பெஞ்சில் ஒரு இளம்பெண் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. மடியில் காலியான பச்சைத் துண்டு. பிள்ளையை உள்ளே சோதனைக்கு எடுத்துப் போயிருப்பார்கள்.

இவளும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே என்று ஒரு கணம் நெஞ்சு இடறியது.

ஒரு கணம்தான்.

சுண்டுவைப் பெஞ்சின்மேல், தனக்கு அடுத்தாற்போல் கிடத்தினாள். கைகளை மடியில் வெறுமையாக விரித்து வைத்தாள். அன்றைக்கு அந்தப் பெண் செய்தது நினைவுக்கு வந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டாள். அதன் முகத்தைப் பார்க்கும் துணிவு அவளுக்கு இல்லை.

காத்திருந்தாள்.

முழங்காலை ஏதோ தொட்டது.

குட்டி விரல்கள். புடவையைக் கொத்தாகப் பற்றின. வழுக்கின. மறுபடி பற்றின. மூச்சு வாங்க வாங்க, ஒரு கனம் இழுத்துப் பறித்துக்கொண்டு அவள் மடிமேல் ஏறியது. துண்டின் சொரசொரப்பு உள்ளங்கையில் உரசியது. சூடான தலை ஒன்று நெஞ்சில் சாய்ந்து, ஏதோ சாதித்த மாதிரி, "ம்" என்றது.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தூக்கி நீட்டினாள்.

"தங்கச்சி, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறியாம்மா?"

"குடுங்கக்கா." குரல் நடுங்கியது. "எவ்வளவு நேரம் வேணும்னாலும் வெச்சிருக்கேன்."

"கீழே மட்டும் வெச்சிடாதே."

கை லேசானது. கண் திறக்காமலே பெஞ்சைத் துழாவி, அங்கே கிடந்த கனத்தை வாரி மார்போடு அணைத்தாள். சால்வையால் மூடிய பிறகே கண்ணைத் திறந்தாள். எழுந்து ஓடினாள். பின்னால் அழுகுரல் ஒன்று கிளம்பியது. சுண்டுவின் குரல் மாதிரியே இருந்தது. மாதிரிதான், அதற்கு எல்லாம் தெரியும், ஏமாறக் கூடாது என்று இன்னும் வேகமாக ஓடினாள்.

வாசலில் காவலாளி மறித்தார்.

"என்னம்மா, வெறுங்கையோட ஓடறீங்க? குண்டு எங்கே?"

அவள் நின்றாள்.

கை நிறையக் கனம் இருந்தது. சுண்டுவின் அதே கனம்.

சால்வையை விலக்கினாள். உள்ளே, தோளிலிருந்து நழுவிய மஞ்சள் கவுன் மட்டும் இருந்தது.

அது மெல்ல மேலெழுந்து, மெல்லத் தாழ்ந்தது.

திரும்பி ஓடியபோது பெஞ்சு காலியாக இருந்தது. அலறல் கேட்டு நர்ஸ் வெளியே வந்தாள். "அந்தப் பொண்ணா? அதோட குழந்தை காலையிலதான் செத்துப்போச்சு. அந்தப் பச்சைத் துண்டை மட்டும் குடுங்கன்னு கெஞ்சி வாங்கிட்டு உக்காந்திருந்துச்சு. ஏன், என்ன ஆச்சு?"

தையல்காரி காலிப் பெஞ்சைத் தடவினாள். மூச்சு வாங்க மடியேறிய அந்த விரல்களை நினைத்துக்கொண்டு நின்றாள். வைத்த இடத்திலேயே கிடக்கும் பிள்ளை.

டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்ததை, அன்றைக்குத்தான் சுண்டு முதன்முதலாகச் செய்திருந்தது.

சுண்டு கிடைக்கவில்லை. தேடாத இடமில்லை. தாய்தான் என்னவோ செய்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். புருஷன் தங்கை வீட்டோடு போய்விட்டான். தையல் மட்டும் நிற்கவில்லை. அவள் கைத் தையல் அப்படி. வாயில் வந்ததைப் பேசுகிறவர்களும் துணியை அவளிடம்தான் கொண்டுவந்தார்கள்.

ஒரு மத்தியானம், பக்கத்துத் தெருக்காரி தன் பிள்ளையின் சட்டையை வாங்க வந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய மஞ்சள் கவுனைப் பார்த்தவள், கை சும்மா இல்லாமல் விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். உள்மடிப்பு எல்லாமே பிரிக்கப்பட்டிருந்தது. பழைய தையல் இருந்த இடத்தில், வெயில் படாத மஞ்சள் நிறம் வரிவரியாகத் தெரிந்தது. அக்குள் பக்கம் இழுபட்டு நூல் விட்டிருந்தது.

"என்னக்கா இது? இதை எதுக்குப் பிரிச்சு வெச்சிருக்கீங்க?"

தையல்காரி தலை நிமிரவில்லை. மெஷினை ஓட்டிக்கொண்டே சொன்னாள்.

"பத்தல. வளர்ற குழந்தை."

வந்தவள் சட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

தையல்காரி காலை நிறுத்தினாள். மெஷின் நின்றது.

சப்புக்கொட்டும் சத்தம் நிற்கவில்லை.