சாத்தியிருந்த பூனைப்பெட்டி

பெட்டியின் கதவு விழுந்திருந்தது. இரையாக வைத்த மத்தி மீன்தலை இல்லை. உட்பலகையில் செம்மஞ்சள் முடி ஒட்டியிருந்தது. பூனையை மட்டும் காணவில்லை.

காலை ஏழு மணி. மூன்று நாளாக இதே கதை. சான் லினோ மீன்துறை முற்றத்தில் நயரேத் மண்டியிட்டு, பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். மீன்பெட்டிப் பலகைகளை அறுத்து அவளே செய்த பொறி. வாசலில் இரு பக்கமும் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, அதில் மேலிருந்து விழும்படி ஒரு பலகைக் கதவு. கதவைத் தூக்கிக் கட்டிய நூல், பின்னாலிருக்கும் இரைக்குச்சியில் போய் முடியும். பூனை இரையை இழுத்தால் குச்சி நழுவும், கதவு விழும்.

சனிக்கிழமை கால்நடை மருத்துவர் வருகிறார். அதற்குள் தெருப்பூனைகளைப் பிடித்துவைத்து, அவரிடம் கருத்தடை செய்யாவிட்டால் துறை நிர்வாகம் விஷம் வைக்கும்.

"பூனை என்ன மந்திரமா போட்டுச்சு?" மீன் வெட்டும் எலியானா உதட்டில் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். பாலைவனப் பக்கமிருந்து வீசிய காற்றில் அந்த வாரம் எல்லோர் உதடும் வெடித்திருந்தது. "யாரோ தூக்கிட்டுப் போறாங்க. யாருன்னு நான் வாயால சொல்ல மாட்டேன்."

வாயால் சொல்லவில்லை. முற்றத்தின் எதிர் அறையைக் கண்ணால் காட்டினாள். அவளுடைய அறைதான். ஹைத்தியிலிருந்து வந்த வில்னேரும் மனைவி மிர்லாந்தும் அதில் வாடகைக்கு இருந்தார்கள்.

துறையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நயரேத். கரன்ட் பில்லிலிருந்து மாமியார் சண்டைவரை அவளிடம்தான் தீர்ப்புக்கு வரும். முற்றத்தில் கூடிவிட்ட கூட்டம் அவள் வாயைப் பார்த்தது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

வில்னேரின் அறைக் கதவைத் தோளால் இடித்தாள். துறையில் எந்தக் கதவையும் அப்படித்தான் திறப்பார்கள். மூடுபனியில் ஊறிய மரம் சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். தாழ்ப்பாள்கூடப் பல வீடுகளில் கிடையாது. கதவு சட்டென்று விலகியதில் அவள் உள்ளே விழப்போனாள்.

"ராத்திரி எங்க இருந்தே?"

"மீன் இறக்கிட்டு ரெண்டு மணிக்கு வந்தேங்க."

"முற்றம் வழியாவா?"

"வேற வழி இல்லீங்களே."

"பெட்டிய தொட்டியா?"

"இல்லீங்க. கதவு விழுந்து கெடந்துச்சு. கிட்டப் போகல. போயிருந்தா அதுக்கும் கேப்பீங்க."

"அடுப்புல என்ன?"

"குழம்பு." மிர்லாந்த் மூடியைத் திறக்கப் போனாள். அதற்குள் நயரேத் வாசலுக்குத் திரும்பிவிட்டாள்.

"நல்லா கேளுங்க," என்றாள் கூட்டத்திடம். "பூனை உள்ள வந்ததுக்கு முடி சாட்சி. பலகை உடையல, அடியில ஓட்டை இல்ல. அதுவா வெளிய போயிருந்தா கதவச் சாத்திட்டா போயிருக்கும்? ஒரு கை கதவத் தூக்கியிருக்கு, அதே கை இறக்கியிருக்கு. அந்நேரத்துல முற்றத்துல நடமாடுன ஆள் ஒருத்தர்தான்."

பெயரை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

"படிச்ச பொண்ணுன்னா சும்மாவா," என்றாள் எலியானா.

மத்தியானம் எலியானா அறையைக் காலி செய்யச் சொன்னாள். வாசலில் இறக்கி வைத்த பானையை யாரோ உதைத்தார்கள். மணலில் பீன்ஸ் குழம்பு கொட்டியது, கூடவே இரண்டு கோழிக்கால்கள்.

"இன்னிக்குக் கோழி. நேத்து என்னவோ," என்றான் ஒரு படகுக்காரன். சிலர் சிரித்தார்கள். மிர்லாந்த் குனிந்து பானையை எடுத்தாள்.

நயரேத்துக்குக் காது சுட்டது. அந்த மூடியைத் திறந்து பார்க்க அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பொறிக்கு மறுபடி இரை வைத்து, வலைக்குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வெகுநேரம் ஆகவில்லை. செம்மஞ்சள் பூனை வந்தது; ஒரு காது பாதிதான். உள்ளே போனது. கதவு விழுந்தது. பூனை பதறவில்லை. மீன்தலையைத் தின்று முடித்தது, வாயைத் துடைத்துக்கொண்டது. பிறகு கதவுக்கு அடியில் முன்னங்காலை விட்டு நெம்பியது. மூக்கு வந்தது, தோள் வந்தது, வால் வந்தது. பின்னால் கதவு டக்கென்று விழுந்தது. இரை இல்லை. பூனையும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

சாயங்காலம் மீன் எடை போடும் இடத்தில் எல்லோரும் கூடியிருக்கும்போது நயரேத் பெட்டியைத் தூக்கி வந்து நடுவில் வைத்தாள்.

"திருடன் கெடச்சாச்சு. நான்தான்."

ஒரே விரலால் கதவைத் தூக்கி விட்டாள். டக்.

"கதவு விழுந்ததும் குறுக்க ஒரு கொண்டி பூட்டிக்கணும். நான் பாத்துச் செஞ்ச படத்துல அப்படித்தான் இருந்துச்சு. நம்ம ஊர்ப் பனிக்கு மரம் தானா இறுகிக்கும், கொண்டி எதுக்குன்னு விட்டுட்டேன். இந்த வாரம் பனி ஏது? மரம் காஞ்சு சுருங்கிருச்சு. காலையில வில்னேர் வீட்டுக் கதவு தொட்டதும் தொறந்துச்சு. விழப்போனவ நான். அப்பவும் எனக்கு உறைக்கல."



"சரி விடு," என்றாள் எலியானா. "யாருக்குத்தான் தப்பு வராது. அவங்க எப்படியும் ஒருநாள் போறவங்கதானே."

அவளை என்ன சொல்ல? காலையில் அவள் கண்ணால் காட்டியதற்குக் காரண காரியம் கோத்துக் கொடுத்ததே நயரேத்தான்.

அறை வாசலில் ஒரு வண்டி நின்றது. வில்னேரும் மிர்லாந்தும் மெத்தையின் இரு முனையையும் பிடித்திருந்தார்கள்.

"உங்க மேல எந்தத் தப்பும் இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றாள் நயரேத். "நீங்க போக வேண்டாம்."

"கேட்டுச்சுங்க," என்றான் வில்னேர். "இனி இவ இங்க தூங்க மாட்டா."

"மெத்தையக் குடுங்க, நான் பிடிக்கிறேன்."

"வேண்டாங்க. காத்துல கதவு நிக்க மாட்டேங்குது. அத மட்டும் பிடிச்சுக்கங்க."

நயரேத் பிடித்துக்கொண்டாள். மெத்தை போனது. அடுப்பு போனது. கடைசியாகக் காலிப் பானை போனது. வண்டி முற்றத்தைத் தாண்டியதும் அவள் கையை எடுத்தாள். கதவு தானாகவே சாத்திக்கொண்டது.