இரண்டு லிட்டர் தண்ணீர்

இந்தக் காலத்தில் எவனும் எதையும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. கருவி ஓர் எண்ணைக் காட்டினால் போதும், ஒருத்தன் பிழைப்பில் மண் விழுந்துவிடும். அதற்கு ஒத்து ஊதக் கூடப்பிறந்தவனே வந்து நிற்பான்.

காலை 9.20. நிலக்கரி ஆய்வுக்கூடம். ஒரு கிராம் கரி எரிந்தால் ஆறாயிரம் கலோரி சூடு வரவேண்டும். மூன்று நாளாக ஐயாயிரத்து எழுநூற்றைம்பதுதான் வந்தது. நல்ல கரியைக் கடத்திவிட்டு மட்டக் கரியைக் கொட்டிவிட்டான் என்று கிடங்குக்காரனை வெளியே நிறுத்திவிட்டார்கள். மாலைக்குள் வேலை போய்விடும்.

"அவன்தான் செஞ்சிருப்பான். சின்ன வயசுலயே மிட்டாய் திருடினவன்" என்று முதலில் வாய் திறந்தது அவனுடைய அண்ணன், ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் அளந்து வைக்கும் கிழவர். எதையும் நம்பாதவர் என்பதால் ஊழியர்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

11.05. விசாரிக்க வந்த அதிகாரி அம்மாள் கரிப்பக்கமே போகவில்லை.

"சூட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

"இந்த இரும்புக் குண்டுக்குள்ள கரியை வச்சு, ஆக்சிஜன் அடைச்சு, வாளித் தண்ணியில இறக்கிக் கொளுத்துவோம்" என்றாள் ஆய்வுக்கூடப் பெண். "தண்ணி எத்தனை டிகிரி ஏறுதோ, அதுலதான் கணக்கு."

"தண்ணி எவ்வளவு?"

"ரெண்டு லிட்டர். பெரியவர் அளந்து வச்சிருவார். நான் பாக்கறதில்ல."

சந்தேகம் கட்டைவிரலில் இருந்த துணிக்கட்டைச் சொறிந்தார்.

"கரி வேணாம். எவ்வளவு சூடு வரும்னு முன்னாடியே தெரிஞ்ச சோதனை மாத்திரை இருக்குமே, அதைக் கொளுத்துங்க. பெரியவரே, எப்பவும்போல ஊத்துங்க."

குடுவைக் கழுத்தின் சிவப்புப் பெயிண்ட் கோடுவரை நிரப்பி, வாளியில் ஊற்றினார்.

11.50. மாத்திரை 6318 காட்டவேண்டும். காட்டியது 6055.

"மாத்திரையையும் கிடங்குக்காரர்தான் கடத்தினாரா?" என்றார் அதிகாரி.

அவரே குடுவையைக் கையில் எடுத்தார்.

"ரெண்டுமே குறையுதுன்னா கோளாறு கரியில இல்ல. தண்ணி கூடுனா டிகிரி கம்மியாத்தான் ஏறும்." குடுவையைக் கோடுவரை நிரப்பித் தராசில் வைத்தார். குடுவையின் எடை போக, தண்ணீர் மட்டும் நூறு கிராம் அதிகம். "கம்பெனிக் குடுவையில கோடு செதுக்கியிருக்கும். பெயிண்ட் அடிக்க மாட்டாங்க. விரல்ல என்ன காயம் பெரியவரே?"

"கண்ணாடி கிழிச்சது."

"எப்போ?"

"திங்கக்கிழமை." எண் குறையத் தொடங்கியதும் அன்றுதான். "பழசு கைதவறி உடைஞ்சுது. திட்டுவாங்கன்னு, ஓட்டை உடைசல்ல கெடந்த ஒண்ணை எடுத்து நானே கோடு போட்டேன்."

"தம்பியைச் சொன்னப்போ இது நெனப்புக்கு வரலியா?"

"வந்துச்சு. தள்ளி விட்டுட்டேன்."

12.40. தம்பியை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள்.

"விடுண்ணே. மிட்டாய் திருடினது நெசந்தானே? அதுல பாதியைத் தின்னது நீதான்." சிரித்தான். "மனசுல ஒண்ணுமில்ல."

சந்தேகம் அவன் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். திருடன் என்ற பேரோடு வெயிலில் நின்றவனுக்கு ஒன்றுமில்லையாம். யார் காதில் பூ சுற்றுகிறான்?

வாளித் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.